எடைத்தட்டில் ஏறாத குப்பை

நுழையும்முன்

நெகிழிக் கழிவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்னும் முடிவுக்கு விரைந்து வந்துவிடுகிறோம். விழிப்புணர்வு வேண்டும்தான். ஆயினும், எவரும் அறிவுரை கூறாமலே சில நெகிழிப் பொருள்கள் தெருவிலிருந்து மறைந்துவிடுகின்றன. எத்துணை அறிவுரை கூறினும் வேறு சில அங்கேயே கிடக்கின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? அதற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தராசின் தீர்ப்பு

தெருமுனையில் உள்ள பழைய பொருள் கடையின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். சென்னையில் அதனைக் காயலான் கடை என்பர். கோணிப்பையைத் தோளில் சுமந்து வரும் பெண் ஒருவர் அதனைக் கடைவாயிலில் கவிழ்க்கிறார். கடைக்காரர் குனிந்து பிரிக்கிறார். தண்ணீர்ப் புட்டிகள் ஒருபுறம் சேர்கின்றன. உடைந்த வாளி, குடம், நாற்காலிக்கால் ஒருபுறம். பால் உறைகள் ஒருபுறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. பொருள்கள் தராசில் ஏறுகின்றன; பணம் கைமாறுகிறது. கோணியின் அடியில் மினுமினுப்பான சில உறைகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. வறுவல், பிஸ்கட், காப்பித்தூள், தலைக்கு இடும் ஷாம்பு ஆகியவற்றின் உறைகள் அவை. கடைக்காரர் அவற்றை எடைபோடுவதில்லை, காலால் ஒதுக்கிவிடுகிறார். சற்று நேரத்தில் அவை காற்றில் பறந்து கால்வாயை அடைகின்றன.

வளரும் நாடொன்றின் நெகிழிக் கழிவுச் சிக்கல் முழுவதும் அந்தக் கடைவாயிலில் அடங்கியிருக்கிறது எனலாம். இந்தியா மறுசுழற்சி அறியாத நாடு என்னும் கருத்து உண்மைக்குப் புறம்பானது. இங்கே விற்கப்படும் தண்ணீர்ப் புட்டிகளில் பெரும்பகுதி, குப்பை பொறுக்குவோர், பழைய பொருள் வணிகர், மொத்த வணிகர், உருக்காலை என்னும் நீண்ட தொடர்வழியே மீண்டும் மூலப்பொருளாகிறது. பல செல்வ நாடுகளால்கூட இந்த அளவை எட்ட இயலவில்லை. இத்தொடரை எந்த அரசும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. வறுமையும் விலையும் சேர்ந்து உருவாக்கின. விலையுள்ள இடம்வரை அது செல்லும். விலை முடிகிற இடத்தில் நின்றுவிடும்.

உலக அளவிலும் பெரும்பகுதி இவ்வாறு தேங்கித்தான் போயிருக்கிறது. 1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன் என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அக்காலத்தில் கழிவாகிப்போன நெகிழியில் 9 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிவிட்டது. இந்தியாவில் 2019-20ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 34 இலட்சம் டன் நெகிழிக் கழிவு உண்டானதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை கூறுகிறது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால், ஓர் இந்தியர் பயன்படுத்தும் நெகிழி ஓர் அமெரிக்கர் பயன்படுத்துவதில் சிறு பங்கே. அப்படியிருந்தும் நம் தெருக்களில் அது கண்ணை உறுத்துவதற்குக் காரணம், பயன்பாட்டின் அளவைவிட, பயன்படுத்தியபின் அதனைத் திரட்டும் ஏற்பாடு இல்லாமையே.

ஒரு பெயர், பல பொருள்

நெகிழி என்று ஒரே சொல்லால் சுட்டினாலும் அது ஒரே பொருளன்று. புட்டிகளின் அடியில் முக்கோணக் குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்ப் புட்டி 1. எண்ணெய்க் கலன்களும் குடங்களும் பெரும்பாலும் 2. நீர்க்குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி. 3; மெல்லிய பைகளும் பால் உறைகளும் 4. இவற்றை ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் நல்ல பொருள் கிடைக்காது. உருகும் வெப்பநிலை வேறு, வேதியமைப்பு வேறு. ஆகவே, மறுசுழற்சியின் உயிர்நாடி உருக்குவதில் இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. அந்தப் பிரிக்கும் வேலையைத்தான் கடைவாயிலில் குனிந்து அமர்ந்திருப்பவர், எந்திரம் ஏதுமின்றி, விரலால் தட்டிப் பார்த்தும் கசக்கி ஒலி கேட்டும் செய்துகொண்டிருக்கிறார்.

மினுமினுப்பான உறையை அவரால் பிரிக்க இயலாது. அது பல படலங்களால் ஆனது. எழுத்தும் படமும் அச்சிட ஏற்ற நெகிழிப் படலம் வெளியே. ஒளியும் ஈரமும் காற்றும் புகாமல் தடுக்கும் அலுமினியப் படலம் நடுவே. சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் வேறொரு நெகிழிப் படலம் உள்ளே. இம்மூன்றும் தாளைவிட மெல்லிய தடிப்பில் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டப்பட்டுள்ளன. பண்டத்தைப் பல மாதங்கள் கெடாமல் காக்கும் அதே அமைப்பு, பயன்பாடு முடிந்தபின் உறையை எதற்கும் உதவாததாக்கிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நெகிழிப் பைகளின் தடிப்பு இவ்வலகால் அளக்கப்படுகிறது. பைகளின் குறைந்த அளவு தடிப்பை 50 மைக்ரான் என 2016ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. பின்னர் அது 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டது. நெகிழியைக் குறைக்கவேண்டிய சட்டம் தடித்த பையைக் கேட்பது விந்தையாகத் தோன்றலாம். தடித்த பைக்கு விலை கூடுதல். கடைக்காரர் அதனை இலவசமாகத் தரமாட்டார். வாங்கியவர் ஒரே நாளில் எறியவும் மாட்டார். எறிந்தாலும் பொறுக்குவோருக்கு எடை கிடைக்கும். இதுவே அவ்விதியின் உட்கருத்து.

கடலூரில் பிறந்த சிற்றுறை

ஷாம்புவைச் சிற்றுறையில் அடைத்து விற்கும் முறைக்கு இந்தியாவில் முன்னோடியாகக் கருதப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். 1970களில் அவர் தொடங்கிய முயற்சியை அவருடைய மக்கள் விரிவாக்கினர். அதுவரை புட்டியில் மட்டுமே கிடைத்த பொருள், அன்றாடக் கூலி பெறுவோரும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கி வந்தது. மாதச் சம்பளக்காரர் மாதத்துக்குரிய பொருளை ஒருசேர வாங்குகிறார். நாள்கூலிக்காரர் நாளுக்குரியதை வாங்குகிறார். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிற்றுறைகள் இந்த எளிய உண்மையை அறிந்து உருவானவை. பின்னாளில் பெருநிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் சிற்றுறை பரவியது.

எனவே, சிற்றுறையை வெறும் தீமையாகக் காட்டுவது நேர்மையாகாது. ஏழை வீட்டுக்கும் ஒரு வசதியைக் கொண்டுசேர்த்தது அது. அதே வேளையில், அந்த உறையை யார் திரும்பப் பெறுவது என்ற வினாவை அன்று எவரும் எழுப்பவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஆயிரம் முறை குனிய வேண்டும்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் எடை சுமார் 20 முதல் 25 கிராம். குப்பை பொறுக்குபவர் நாற்பது, ஐம்பது முறை குனிந்தால் ஒரு கிலோ சேர்ந்துவிடும். அதற்கு விலையும் உண்டு. சிற்றுறை ஒன்றின் எடை பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் முறைக்கு மேல் குனிய வேண்டும். அவ்வாறு சேர்த்தாலும் அதனை வாங்க ஆளில்லை. முதுகெலும்பின் வலி அறிந்த எவரும் அந்த வேலையைச் செய்யமாட்டார். தெருவில் புட்டி மறைவதும் உறை கிடப்பதும் இந்தக் கணக்கின் விளைவே.

பொறுக்கப்படாத உறைகள் செல்லும் வழிகள் சிலவே. வடிகாலை அடைத்து மழைநாளில் தெருவை வெள்ளமாக்குகின்றன. உணவு மணம் மாறாத பைகளாக மாட்டின் இரைப்பையில் தங்குகின்றன. ஆற்றின்வழி கடலை அடைந்து, வெயிலிலும் அலையிலும் நொறுங்கி நுண்துகள்களாகின்றன. தெருவோரக் குவியலில் தீயிடப்பட்டுப் புகையாகின்றன. குளோரின் கலந்த பி.வி.சி. போன்றவை இவ்வாறு குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் முதலிய நச்சுகள் உண்டாகின்றன. 'எரித்துவிட்டால் தீர்ந்தது' என்று எண்ணுவோர், குப்பை நிலத்தைவிட்டு நுரையீரலுக்கு இடம்மாறியதைக் காண்பதில்லை.

நகராட்சி வண்டியில் ஏறுபவை குப்பைமேட்டை அடைகின்றன. சென்னையில் கொடுங்கையூரும் பெருங்குடியும் பல்லாண்டுக் காலம் அத்தகைய இடங்களாக இருந்தன. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மீது எழுந்தது. மழைநீரை உறிஞ்சித் தென்சென்னையை வெள்ளத்திலிருந்து காக்கவேண்டிய நிலம் அது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம். 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை, பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. மறு ஆண்டு மார்ச் மாதம் கொச்சி நகரின் பிரம்மபுரத்தில் நெகிழிக் குவியல் பற்றி எரிந்தபோது, தீயை முற்றிலும் அணைக்கப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. நகரமே முகக்கவசம் அணிந்தது.

இப்போது பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி நடைபெற்றுவருகிறது. மண் ஒருபுறமும் கல் ஒருபுறமும் பிரிகின்றன. மட்கிப்போனவை மட்கிவிட்டன, நெகிழி மட்டும் அச்செழுத்து மங்காமல் வெளிவருகிறது. முன்தலைமுறை எறிந்ததைப் பெரும்பொருள் செலவிட்டுப் பின்தலைமுறை பிரித்துக்கொண்டிருக்கிறது. வீட்டு வாசலிலேயே இரண்டு கூடைகளில் பிரித்திருந்தால் இச்செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கான தடை 2018 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீலகிரி மாவட்டம் இவ்வகையில் மாநிலத்துக்கு வெகு முன்னரே வழிகாட்டியிருந்தது. இந்தியா முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1இல் தொடங்கியது. துணிப்பைப் பழக்கத்தை மீட்க 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ஒரு காலத்தில் திருமண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பையை நாட்டுப்புறத்தின் அடையாளமாகக் கருதி நாணியவர்கள் உண்டு. அந்த நாணத்தை மாற்றியது இவ்வியக்கத்தின் சிறப்பு.

தடையின் தொடக்க மாதங்களில் உணவகங்களில் வாழையிலை திரும்பிற்று. இறைச்சிக் கடைக்குப் பாத்திரத்தோடு சென்றனர். நாளடைவில் மெல்லிய பைகள் மறைவாகத் திரும்பின. பூ விற்கும் அம்மையாரைப் பிடித்துத் தண்டம் விதிப்பது எளிது; பையை உற்பத்தி செய்யும் இடத்தைக் கண்டறிவது அரிது. தடை தொடங்கியபோது, ஆலையிலேயே பண்டத்தை அடைத்து மூடிய உறைகளுக்கு விலக்கு இருந்தது. தம் பைக்குத் தடை, தம் கடையில் தொங்கும் நிறுவன உறைக்குத் தடையில்லையா என்று சிறுவணிகர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருந்தது.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் இதனைக் கருதாமல் இல்லை. மறுசுழற்சி செய்ய இயலாத பல்படல உறைகளை இரண்டாண்டுகளில் படிப்படியாகக் கைவிடவேண்டும் என்று அவை கூறின. இரண்டாண்டு முடியும் தறுவாயில், 2018இல் அவ்விதி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய இயலாதது என்பதோடு, எரித்து ஆற்றல் பெறவும் இயலாதது, வேறு பயன்பாடும் அற்றது என்னும் சொற்கள் சேர்க்கப்பட்டன. எரிக்கத் தகாத நெகிழி ஏது? சில சொற்களின் சேர்க்கையால் விதியின் கூர் மழுங்கிற்று. சட்டத்தை முழுவதுமாகப் படிக்கும் பழக்கம் குடிமக்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உற்பத்தியாளர் தாம் சந்தைக்கு அனுப்பும் உறைகளுக்கு, அவை கழிவான பின்பும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கோட்பாட்டுக்கு விரிவான நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் வெளியாயின. நிறுவனம் தானே திரட்டலாம். அல்லது திரட்டி மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கலாம். நல்ல ஏற்பாடு இது. ஆனால் உண்மையில் திரட்டாமலே வழங்கப்பட்ட இலட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் மறு ஆண்டே கண்டறியப்பட்டன. காகிதத்தில் நகர்ந்த குப்பை, தெருவில் நகரவில்லை.

பொறுக்கும் கைகள்

இந்தத் தொடரின் முதற்கண்ணியாக இருப்பவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. விடியற்காலையில் தெருநாய்களுக்கும் ஊரார் ஐயத்திற்கும் இடையே கோணியோடு நடப்பவர்கள் அவர்கள். கையுறை இல்லை, ஊதியம் இல்லை, காயத்துக்கு மருத்துவச் செலவு தருவாரும் இல்லை. நகராட்சியின் செலவைக் குறைக்கும் அவர்களுக்கு நகராட்சிக் கணக்கேட்டில் இடமில்லை. குப்பை அள்ளும் பணி பெருநிறுவனத்திற்கு ஒப்பந்தமாகும்போது அந்தக் கோணிக்கும் வேலையில்லாமல் போகிறது.

மராட்டிய மாநிலத்தின் புனே நகரம் வேறு வழியைக் கண்டது. அங்கே குப்பை பொறுக்குவோர் 1993இல் ஒரு தொழிற்சங்கமாகத் திரண்டனர். அடையாள அட்டை பெற்றனர். பின்னர் அவர்களால் அமைக்கப்பட்ட 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. உறுப்பினர்கள் வீடுவீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெறுகின்றனர். வீடுகள் மாதக் கட்டணம் தருகின்றன. விலைபோகும் பொருளை விற்கும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. உறுப்பினருள் பெரும்பாலோர் பெண்கள். குப்பைமேட்டில் கிளறியவர்கள் வாசற்படியில் நின்று, 'பிரித்துக் கொடுங்கள்' என்று உரிமையோடு கேட்கும் நிலைக்கு உயர்ந்தனர். இங்கே அவர்களின் வருவாய் எடையை மட்டும் சார்ந்ததன்று; சேவைக்கும் கூலி கிடைக்கிறது. ஆகவே, எடையற்ற உறையும் கூடைக்குள் வருகிறது.

விலையற்றதற்கு ஒரு விலை

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் விலைபோகாத நெகிழிக்கு ஒரு பயனைக் கண்டறிந்தார். துண்டாக்கிய பைகளையும் உறைகளையும் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சரளைக் கற்களின்மீது தூவினால், அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதன்பின் தாரைக் கலந்தால் பிடிப்பு உறுதியாகிறது; மழைநீர் இடைபுகுவது குறைகிறது; தாரின் தேவையும் சிறிது குறைகிறது. பி.வி.சி.யைச் சூடாக்கினால் நச்சுவளி வெளிப்படும் என்பதால் அதனை மட்டும் விலக்க வேண்டும். இம்முறைக்குக் காப்புரிமை பெற்ற அவர், அதனை வணிகமாக்காமல் நாட்டின் பயன்பாட்டுக்கு வழங்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சாலைக்கும் உதவாதவற்றை உள்ளாட்சி அமைப்புகள் அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகின்றன. அங்குள்ள சூளையின் மிகை வெப்பத்தில் அவை நிலக்கரிக்கு மாற்றாக எரிகின்றன. சாம்பலும் சிமெண்டோடு சேர்ந்துவிடுகிறது. குவியலில் புகைவதைவிட இது மேல். எனினும் உறைகள் இலேசானவை. ஒரு சரக்குந்து நிறைய ஏற்றினாலும் எடை சேர்வதில்லை. தொலைவில் உள்ள பேரூராட்சிக்குப் போக்குவரத்துச் செலவே சுமையாகிவிடுகிறது. இரண்டு வழிகளும் கழிவு ஓரிடத்தில் திரண்டபின் பயன்படுபவை. திரட்டும் சிக்கலை அவை தீர்ப்பதில்லை.

திரட்டுவதற்கான வழியொன்றை நீலகிரியில் காணலாம். காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்பேரில் 2022இல், புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் முறை அங்கே வந்தது. விற்ற புட்டிகளில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. எறிந்தவர் திருந்தினாரோ இல்லையோ, அவர் எறிந்ததைப் பத்து ரூபாய்க்காக வேறொருவர் எடுத்து வந்தார். நமக்கு இது புதிய முறையும் அன்று. சோடாப் புட்டிக்கு முன்பணம் கட்டி வாங்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

இம்முறையைத் தண்ணீர்ப் புட்டிக்கு விரிவாக்குவது எளிது. இரண்டு ரூபாய்ச் சிற்றுறைக்கு எப்படி விரிவாக்குவது? முன்பணம் ஒரு ரூபாய் என்றால் கூலிக்காரரின் கையில் விலை பாதியளவு ஏறிவிடும். பத்துக் காசு என்றால் எவரும் திருப்பித் தரமாட்டார். வாங்குபவரிடம் பெற இயலாத அத்தொகையை உறையை அடைத்து அனுப்பும் நிறுவனமே ஏற்று, திரட்டுபவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பழைய பொருள் கடையின் வழியே கொடுக்கலாம். அல்லது, உறையே இல்லாமல், பெட்டிக்கடையில் வைக்கப்பட்ட பெரிய கலனிலிருந்து இரண்டு ரூபாய்க்கு அளந்து ஊற்றலாம். நல்லெண்ணெயை இப்படித்தான் நம் பாட்டிமார் கிண்ணத்தோடு சென்று வாங்கினர். முதல் வழிக்கு நிறுவனத்தின் இலாபத்தில் சிறிது குறையும். இரண்டாவதற்குக் கடைக்காரரின் நேரமும் கலப்படமின்மைக்கு உறுதியும் வேண்டும். எதனை யார் ஏற்பது என்பதில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் சேரும் நெகிழிப் பொருள்களைக் கழுவி உலர்த்தி, விலைபோவன, விலைபோகாதன என இரண்டாகப் பிரித்து எடையிடுக. இரண்டின் எண்ணிக்கையையும் எடையையும் வகுப்பில் ஒப்பிடுக.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய பொருள் கடைக்காரரிடம், அவர் வாங்கும் நெகிழி வகைகள், அவற்றின் விலை, அவை அடுத்துச் செல்லும் ஊர் ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'சிற்றுறைகளுக்கான திரட்டுச் செலவை ஏற்கவேண்டியவர் உற்பத்தியாளரா, வாங்குபவரா, உள்ளாட்சி அமைப்பா?' என்னும் தலைப்பில் மூன்று அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.